பத்துப் பெண்கள் வேண்டும்

“இந்த வாசலைத் தாண்டிப் போனே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்” என்று நல்லகாமன் நிலைக்கதவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றான்.

“சரி. இப்பக் கொஞ்சம் ஒதுங்குங்க. இடிச்சுட்டுப் போனா அதுக்கும் கத்துவீக” என்றாள் அவன் மனைவி பாண்டியம்மாள்.

அவள் கையில் பித்தளைத் தட்டு. தட்டில் ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், நாலு பிடி பொரிகடலை, ஒரு வெல்லக்கட்டி. வெல்லக்கட்டியைப் பழைய பத்திரிகையில் சுற்றியிருந்தாள். ஒரு கட்டி வெல்லத்துக்கு ஐந்து தாள்.

“பகுத்தறிவுச் சங்கத்துச் செயலாளர் பொண்டாட்டி வெள்ளிக்கிழமை தவறாமக் கருப்பு கோயிலுக்குப் போறா. ஊரே சிரிக்குது! அதுலயும் சங்கத்துப் பத்திரிகையில வெல்லத்தைச் சுத்திக்கிட்டு. அதுல என் கட்டுரை வந்திருக்குடி!”

“தெரியும். அதான் எறும்பு கிட்ட வரல.”

நல்லகாமனுக்கு நாகமலை ரோட்டில் வாடகை சைக்கிள் கடை. கடையின் முன்பாதி சைக்கிளுக்கு, பின்பாதி சங்கத்துக்கு. கீழக்குயில்குடி பகுத்தறிவாளர் ஒற்றுமைச் சங்கம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. உறுப்பினர் ஆறு பேர், ஆறும் ஆண்கள். வாசலில் ஒரு பலகை: சாமி இல்லை, சாதி இல்லை, ஆணும் பெண்ணும் சமம். தினமும் காலையில் அந்தப் பலகையைத் துடைத்து வைப்பது பாண்டியம்மாளின் வேலை.

அன்று காலை மதுரையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. டவுன் சங்கத் தலைவர் வெள்ளைத்துரை எழுதியிருந்தார்.

‘ஆறு ஆண்கள் உட்கார்ந்து டீ குடிப்பதற்குச் சங்கம் என்று பெயர் இல்லை. கடவுளை நம்பாதவர்களும் குடும்பம் குடும்பமாகக் கூடி வாழ முடியும், ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொருவர் நிற்க முடியும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அடுத்த வெள்ளி மாலை நான்கு மணிக்கு வருகிறேன். எனக்கு அன்றுதான் விடுமுறை. கூட்டத்தில் பத்துப் பெண்களாவது இருந்தால் உங்கள் ஊருக்கு ஒரு படிப்பகம்: ஒரு பீரோ நிறையப் புத்தகம், தினம் ஒரு பத்திரிகை. இல்லையென்றால் அது விளாங்குடிக் கிளைக்குப் போகும்.’

படிப்பகம் போனால்கூட நல்லகாமன் தாங்கிக்கொள்வான். விளாங்குடிக்குப் போவதைத் தாங்க மாட்டான்.

“அடுத்த வெள்ளி நீ கோயிலுக்குப் போகாம, ஒம்போது பேரைக் கூட்டிக்கிட்டுக் கூட்டத்துக்கு வரணும்” என்றான்.

“வியாழக்கிழமை வைங்க, வாரேன். சனிக்கிழமை வைங்க, பதினஞ்சு பேரைக் கூட்டிட்டு வாரேன். வெள்ளிக்கிழமை வர மாட்டேன்.”

“அம்புட்டு பக்தியா?”

பாண்டியம்மாள் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“வாரத்துல ஏழு நாளு. ஆறு நாளு உங்களுக்குத்தான். ஏழாவது நாள்லயும் மூணு மணி வரைக்கும் உங்களுக்குத்தான். மூணுல இருந்து அஞ்சரை வரைக்கும் எனக்கு. அதை நான் எவனுக்கும் தர மாட்டேன். உங்க தலைவருக்கும்தான்.”

ஐந்தாம் வகுப்பு முடிந்த அன்று பிறந்த வீட்டில் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கித் துடைப்பத்தைக் கொடுத்தபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது. நல்லகாமன் அதைப் பார்த்ததில்லை. அதனால் அந்தக் கோபத்தைப் பக்தி என்று நினைத்தான்.

அவள் குனிந்து, அவன் கைக்கு அடியில் நுழைந்து போய்விட்டாள்.

ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். தட்டு காலி. கடலை, வெல்லம் எதுவும் ஒரு வாரமும் திரும்பி வந்ததில்லை. நெற்றியில் திருநீறும் இல்லை. தனக்குப் பயந்து அழித்துவிட்டு வருகிறாள் என்பதில் நல்லகாமனுக்குக் கொஞ்சம் பெருமை. விரல் நுனியில் மட்டும் கரி. பொம்பளை விரலில் கரி இருப்பதை யார் கவனிப்பார்கள்?

“கருப்பு எல்லாத்தையும் தின்னுட்டாரா?” என்றான்.

“தேங்காய்ச் சில்லுகூட மிச்சமில்ல” என்றாள் அவள்.

மறுநாள் கடையில் அவசரக் கூட்டம்.

“என் வீட்லயும் இதே கதைதான் அண்ணே” என்றார் சேக் இஸ்மாயில். அவர் சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்பவர், சங்கத்தின் பொருளாளர். “மைதீன் பீவி வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு முக்காட்டைப் போட்டுக்கிட்டுத் தர்காவுக்குக் கிளம்பிடுறா. நான் தொழுது எத்தனை வருசம் ஆச்சு! கேட்டா, ‘உங்களுக்கும் சேர்த்துத்தான் துஆ கேக்குறேன்’ங்கிறா.”

“என் வீட்டு ராக்கம்மாவும் போறா” என்றான் பேயாண்டி. சங்கத்தில் யோசனை சொல்வது இவன் வேலை. “இதுக்கு ஒரே வழிதான் மாப்ள. தட்டை ஒளிச்சு வச்சிரு. தட்டு இல்லாம எப்படிக் கோயிலுக்குப் போவாளுக?”

ஆறு வீட்டுத் தட்டுகளும் சைக்கிள் கடை டிரங்குப் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குப் பூட்டு. பூட்டுச் சாவி நல்லகாமன் அரைஞாணில்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பாண்டியம்மாள் முறத்தில் தேங்காயை வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

“இன்னைக்குச் செவ்வாய்டி!”

“தட்டு காணாமப் போச்சு. கருப்புக்குக் கோவம். பரிகாரமா ஒம்போது செவ்வாயும் வாரேன்னு நேர்ந்திருக்கோம்.”

“நேர்ந்திருக்கோமா? யாரு யாரு?”

“எல்லாரும்தான்.”

ஒரு நாள் இரண்டு நாளாகிவிட்டது. அன்று ஆறு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஆறு பகுத்தறிவாளர்களும் கடையில் உட்கார்ந்து பழைய சோற்றைத் தின்றார்கள்.

“அடக்கினா ஆகாது. அறிவால வெல்லணும்” என்றான் பேயாண்டி.

புதன்கிழமை நல்லகாமன் வீட்டில் பெண்களுக்கு விளக்கக் கூட்டம். பெண்கள் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். சேக் இஸ்மாயில் உலகம் எப்படித் தோன்றியது என்று தொடங்கினார். சூரியன் வரைக்கும் வந்தபோது தொண்டை வறண்டுவிட்டது. சமையலறைப் பக்கம் பார்த்தார்.

“டீ வரலையா?”

“நாங்கதான் உக்காந்து கேக்குறோமே பாய்” என்றாள் ராக்கம்மாள். “டீ தானா வருமா?”

பாண்டியம்மாள் கேட்டாள்: “சங்கத்துல பொம்பளைகளைச் சேர்ப்பீகளா?”

“அதுக்குத்தானே கூப்பிடுறோம்!” என்றான் நல்லகாமன்.

“சேர்ந்தா எங்களுக்கு என்ன வேலை?”

“தலைவர் வர்றாருல்ல?” என்றான் பேயாண்டி. “அன்னைக்கு இருபது பேருக்குச் சோறு.”

“கோயில்லயும் நாங்கதான் பொங்குறோம். இங்கயும் நாங்கதான் பொங்கணும். அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“என்ன இப்படிக் கேட்டுப்புட்டே? இங்க சாமி கிடையாது!”

“அப்ப ஆக்குற சோத்தைத் திங்கப் போறது யாரு?” என்றாள் இருளாயி. பக்கத்து வீட்டுக்காரி; ஆடு மேய்ப்பவள்; பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவள்.

பெண்கள் சிரித்தார்கள். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை.

“படிப்பகம் வந்தா, நாங்க உள்ள வந்து படிக்கலாமா?”

நல்லகாமன் செருமினான்.

“ஆம்பளைக வந்து போற இடம். எடுத்ததும் எப்படி? முதல்ல படிப்பகம் வரட்டும். அப்புறம் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுக்கும்.”

“கமிட்டின்னா யாரு?”

“நாங்கதான்.”

பாண்டியம்மாள் எழுந்தாள். ஆணும் பெண்ணும் சமம் என்ற பலகையை இரண்டு வருஷமாகத் துடைத்த கை, சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. “எந்திரிங்கடி, போவோம்” என்று மட்டும் சொன்னாள். கூடம் காலியாகிவிட்டது. சூரியன் வரைக்கும் வந்திருந்த சேக் இஸ்மாயிலுக்குப் பூமிக்கு வர வாய்ப்புக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை இருளாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடைப் பக்கம் போனாள். கரும்பலகையில் கூட்ட அறிவிப்பு எழுதியிருந்தது. நின்று பார்த்தாள்.

“அண்ணே, கூட்டம் வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீக? பலகையில வியாழக்கிழமைன்னுல்ல போட்டிருக்கு?”

நல்லகாமன் வெளியே வந்து பார்த்தான். வியாழக்கிழமை என்றுதான் இருந்தது. அவன் எழுதியதுதான்.

“உனக்கு யாரு சொன்னா?”

“ஆடு சொல்லுச்சு” என்று அவள் நடந்தாள்.

எவனோ படித்துவிட்டுச் சொல்லியிருக்கிறான் என்று நல்லகாமன் அழித்து எழுதினான். அதற்கு மேல் யோசிக்க அவனுக்கு நேரமில்லை. நாளைக்குப் பத்துப் பெண்கள் வேண்டும்.

பேயாண்டிதான் மறுபடியும் வழி கண்டுபிடித்தான்.

“பொம்பளைக நம்ம கூட்டத்துக்கு வரலையா? விடு மாப்ள. பொம்பளைக எங்க போறாளுகளோ அங்க கூட்டத்தை வச்சிருவோம். கோயிலை ஒட்டிக் குளத்தங்கரையில மண்டபம் இருக்குல்ல? சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்தா எதிர்ல நம்ம தலைவரு பேசிக்கிட்டிருப்பாரு. வேற எங்க போவாளுக? பின்னாடி மலை, முன்னாடி குளம்!”

நல்லகாமன் கோயில் பக்கம் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. பூசாரி சோணை அவனைப் பார்த்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“வா மாப்ள. வழி தவறிட்டியா?”

“நாளைக்குச் சாயங்காலம் மண்டபம் வேணும். ஒரு கூட்டம்.”

“சாமி இல்லைன்னு பேசுறதுக்கா?”

“ஆமா.”

“பேசு. கருப்பு எம்புட்டோ கேட்டிருக்காரு. ஆனா வெள்ளிக்கிழமை மண்டபம் அன்னைக்குப் பொங்கல் வைக்கிறவுகளுக்குத்தான். ஊர் முறை. நான் மாத்த முடியாது.”

நல்லகாமன் யோசித்தான். விளாங்குடியை நினைத்தான்.

“பொங்கலை நாங்க பொது விருந்துன்னு சொல்லிக்கிறோம்.”

“என்னமும் சொல்லிக்க. பானை பொங்கணும், அம்புட்டுதான்.”

“பொம்பளைக வருவாகள்ல? எங்க வீட்டுப் பொம்பளைக?”

பூசாரி தாடியைச் சொறிந்தார். “மழை பெஞ்சாலும் தவற மாட்டாக மாப்ள. மூணு மணிக்கெல்லாம் இந்தக் குளத்தங்கரை வழியா வந்துருவாக.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லகாமனுக்குப் பிடிக்கவில்லை. மூடநம்பிக்கைக்காரன் சிரிப்பு.

திரும்பும் வழியில் கடைப் பெட்டியைத் திறந்து, ஆறு தட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவனே அவளிடம் கொடுத்தான்.

“நாளைக்கு நீ கூட்டத்துக்குன்னு வர வேணாம். வழக்கமா எங்க போவியோ அங்க போ. அது போதும்.”

“நிசமாவா?”

“நிசமா.”

“அப்புறம் மாத்திப் பேசக் கூடாது.”

“நான் வார்த்தை மாற மாட்டேன்.”

அன்று சோறு சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே ஆறு பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். பொங்கல் வைக்கப் பெண்கள் இல்லை. அடுப்பு மூட்டத் தெரிந்த ஆணும் இல்லை. பேயாண்டி ஊதி ஊதிக் கண் சிவந்து, மீசையில் பாதியைக் கருக்கிக்கொண்டான். சேக் இஸ்மாயில் அரிசியைக் களையாமல் போட்டுவிட்டு, பிறகு பானைக்குள் கையை விட்டுக் களைந்தார்.

பூசாரி ஒரு சிவப்புத் துண்டோடு வந்தார்.

“தலையைக் குனி மாப்ள. பொங்கல் வைக்கிற வீட்டுக்காரனுக்குப் பரிவட்டம் கட்டணும்.”

“அய்யய்யோ, அதெல்லாம் வேணாம்!”

“கட்டலேன்னா மண்டபம் இல்ல.”

நல்லகாமன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான். பூசாரி துண்டை இறுக்கிக் கட்டி, குனிந்த நெற்றியில் ஒரு பிடி திருநீற்றையும் அப்பினார். பூசாரிக்கு அவசரத்திலும் கை தவறாது.

சரியாக மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். குளத்தங்கரையில் வரிசையாக, கையில் தட்டோடு, முன்னால் பாண்டியம்மாள். யாரும் தலையைக் குனியவில்லை. தெருவில் நடக்கும்போது இல்லாத ஒரு வீச்சு நடையில் இருந்தது.

“பதினாறு!” என்று எண்ணினான் பேயாண்டி. “மாப்ள, பதினாறு! விளாங்குடி செத்தான்!”

“அந்த முக்காடு மைதீன் பீவி மாதிரி இருக்கே” என்றார் சேக் இஸ்மாயில். “தர்காவுக்கும் இதே பாதைதான் போலிருக்கு.”

பெண்கள் கோயிலை ஒட்டிப் போய்ப் பின்பக்கம் மறைந்தார்கள்.

“கோயிலைச் சுத்துறாளுக” என்றான் பேயாண்டி. “சுத்திட்டு இங்கதான் வரணும்.”

மூன்றரை ஆயிற்று. யாரும் வரவில்லை.

“எத்தனை சுத்துடா சுத்துவாளுக?” என்றான் நல்லகாமன். பரிவட்டத்துக்குள் வியர்த்து ஒழுகியது.

“நூத்தியெட்டு இருக்கும்.”

“சுத்துனா இந்தப் பக்கம் ஒரு தடவையாவது தெரியணுமே அண்ணே” என்றார் சேக் இஸ்மாயில்.

“கும்பிடும்போது குறுக்க பேசாதீக பாய்!” என்று பேயாண்டி அதட்டினான். அதட்டிய அதே நேரம் பானை பொங்கி வழிந்தது. சின்ன வயதுப் பழக்கம், இரண்டு கையையும் தூக்கி, “பொங்கலோ பொங்கல்!” என்று கத்திவிட்டான்.

ஜட்கா வண்டி நின்றது. தலைவர் வெள்ளைத்துரை இறங்கினார். சட்டைப் பையில் படிப்பகத்துக்கான தாள். கறுப்புக் குடையை மடக்கியவர், மண்டபத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

“யாரது, செயலாளரா?”

“வாங்கய்யா, வாங்க!”

“தலையில என்ன?”

“வெயிலுக்கு அய்யா.”

“நெத்தியில?”

“அடுப்புச் சாம்பல்.”

தலைவர் பானையைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். பூசாரியைப் பார்த்தார். பூசாரி அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

“பெண்கள் எங்க?”

“பதினாறு பேர் வந்திருக்காக அய்யா! கோயிலைச் சுத்திக்கிட்டு…” நல்லகாமன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தலைவரின் முகம் இருண்டது. குடையால் தரையைக் குத்தினார்.

“சுத்துறாங்களா? ரெண்டு வருஷம் சங்கம் நடத்தி, வீட்டுப் பெண்கள் ஒருத்தரைக்கூட உங்களால இந்த இருட்டுல இருந்து வெளிய கொண்டாற முடியலையா? எனக்குப் புரிஞ்சு போச்சு. இந்த ஊருக்குத் தடை உங்க பெண்கள்தான். படிப்பகம் விளாங்குடிக்குப் போகட்டும்.”

தாள் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

நல்லகாமனுக்கு ஒரு வாரக் கோபம் மொத்தமும் தலைக்கு ஏறியது. வாசலில் நின்று தோற்றது, பழைய சோறு, முறம், காலியான கூடம், பரிவட்டம், எல்லாம்.

“அவளாலதான் அய்யா எல்லாம்! எம்புட்டு எடுத்துச் சொன்னேன்! என் கட்டுரையில வெல்லத்தைச் சுத்துறா அய்யா! அஞ்சாவது வரைக்கும் படிச்சு என்ன புண்ணியம்? சாமிப் பைத்தியம்! பதினாறு பேரையும் அவதான் கெடுத்து வச்சிருக்கா!” என்று கத்தினான். அதே வேகத்தில் பூசாரி பக்கம் திரும்பினான். “யோவ்! இன்னும் எம்புட்டு நேரம் கும்பிடுவாளுக? கும்பிட்டது போதும்னு வெளிய அனுப்புய்யா!”

பூசாரி சோணை பொங்கலை அகப்பையால் மெதுவாகக் கிண்டிவிட்டு, மலையைப் பார்த்தார். உச்சியில், எந்தக் காலத்திலோ சமணத் துறவிகள் வெட்டிய கற்படுக்கைகள் இருக்கிற குகைப் பக்கமிருந்து, பதினாறு பேர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் காற்றில் வந்தது.

“அதுக கோயிலுக்குள்ள கால் வச்சு மூணு வருசமாச்சு மாப்ள” என்றார் பூசாரி. “சாமி இல்லைன்னு எங்கிட்டயே நேராச் சொல்லிட்டு, கடலையையும் பேப்பரையும் தூக்கிக்கிட்டு மேல போயி உன் பொண்டாட்டிதான் அம்புட்டுப் பேருக்கும் எழுத்துச் சொல்லிக் குடுக்குது, உன் வீட்டுல இருந்து கருப்புக்குப் பொங்கல் வச்சது நீ ஒருத்தன்தான்.”